யார் கொடுத்தால் இறையிலி?

பாகூர் என்றதும் வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு கொடை நினைவுக்கு வரும். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் அதைத்தான் சொல்கின்றன. அந்த ஊர்களுக்கு வரிவிலக்கும் உண்டு. வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்குத் தமிழில் ‘இறையிலி’ என்று பெயர். இறை என்றால் வரி. யார் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு கொடை இறையிலியா இல்லையா என்பது அன்று முடிவானது. இன்றும் அப்படித்தான் முடிவாகிறது.

அதே பாகூரில் இன்று ஒரு சித்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் அக்கா புருஷனும் இறந்தபோது அவர்களுடைய மகனுக்கு நான்கு வயது. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழனி வேலைக்குப் போய், மாடு வைத்துப் பால் ஊற்றி, அந்தப் பையனைப் படிக்க வைத்தாள். வளர்ந்து பிரான்சுக்குப் போன அவன் அங்கே வேலை செய்கிறான். மழைக்கு ஒழுகும் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சித்தியின் வங்கிக் கணக்குக்கு 15 லட்ச ரூபாய் அனுப்புகிறான்.

அவள் அவனைப் பெற்றவளாக இருந்தால் இந்தப் பணத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. 15 லட்சமானாலும் ஒன்றரைக் கோடியானாலும் ஒன்றுதான். ஆனால் அவள் சித்தி. அதனால் முழுத் தொகையும் அவளுடைய அந்த ஆண்டு வருமானம் ஆகிறது. வேறு வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும், 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி அவள் கட்ட வேண்டியது 1,05,000 ரூபாய். அதோடு 4 சதவீத மேல்வரியும் சேர்ந்தால் 1,09,200 ரூபாய்.

அக்கா உயிரோடு இருந்திருந்தால் மகன் தாய்க்கு அனுப்பியிருப்பான், தாய் தன் தங்கைக்குக் கொடுத்திருப்பாள். இரண்டு கொடைக்கும் வரி இல்லை. அக்கா இறந்ததால்தான் சித்தி அந்தப் பிள்ளையை வளர்த்தாள். இப்போது வரி வருவதும் அதனால்தான். நான் சொன்ன வீடு கற்பனைதான், கணக்கு கற்பனை இல்லை.

வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வரும் பணம் கொடையா வருமானமா என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. 2004இல் வந்த பட்டியல் இது. ஆனால் பெண்ணின் கையில் விழும் கொடையைப் பார்த்து ‘இதை யார் கொடுத்தது?’ என்று சட்டம் கேட்பது 2004இல் தொடங்கவில்லை. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொரு ஆட்சியிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சொந்தம் தந்தது, அயலார் தந்தது

தர்மசாஸ்திர வழி வந்த இந்துச் சட்டத்தில் பெண்ணின் உடைமைக்கு ‘ஸ்த்ரீதனம்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் எல்லாம் அவளுடையதே என்று தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு பிரிவு இருந்தது. தாய், தந்தை, உடன்பிறந்தார் முதலிய சொந்தங்கள் அன்பாகத் தந்தது ‘சௌதாயிகம்’. அதை அவள் தன் விருப்பப்படி விற்கலாம், கொடுக்கலாம். திருமணமான பெண்ணுக்கு அயலார் ஒன்று தந்தாலோ, அவளே தன் கைத்தொழிலால் சம்பாதித்தாலோ, கணவன் உயிரோடு இருக்கும்வரை அது அவன் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். உழைத்துச் சம்பாதித்த காசையும் அயலார் தந்த காசையும் சட்டம் ஒரே தட்டில் வைத்ததைக் கவனியுங்கள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து பெண்ணின் கைக்கு வந்த பணம் எதுவாயினும் அதற்கு ஒரு ஆண் காவல் வைக்கப்பட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தங்கள் சிவில் சட்டத் தொகுப்பை 1819இல் கொண்டுவந்தார்கள். இந்தியரின் குடும்ப விவகாரங்களை மட்டும் அவரவர் வழக்கத்துக்கே விட்டார்கள். பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்தது. விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. அப்படித் துறந்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர். குடும்பப் பெயர் ஒன்றையும் அவர்கள் சூட்டிக்கொண்டார்கள். சாதி ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள் பலருக்கு அது ஒரு விடுதலைக் கதவாகத் தெரிந்தது. அது உண்மையும்கூட.

ஆனால் அந்தக் கதவு வழியாகப் போன பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 934ஆம் பிரிவு, திருமணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் ஒரு கொடையை ஏற்கக் கூடாது என்றது. அவன் மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதாவது, இந்துச் சட்டத்தில் அண்ணன் தந்த பணத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடிந்த பெண், ‘முன்னேறிய’ சட்டத்துக்கு மாறியதும் அதைக் கைநீட்டி வாங்கக் கணவனைக் கேட்க வேண்டியவள் ஆனாள். மனைவிக்குச் சட்டத்தகுதி இல்லை என்ற கோட்பாட்டை பிரான்சு 1938இல்தான் நீக்கியது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண்ணின் கையில் உள்ள சொத்து முழுதும் அவளுக்கே உரியது என்றது.

இரண்டு சட்டங்களும் எதிர்எதிர்த் திசையிலிருந்து வந்தவை. கொடையை வாங்குகிற பெண்ணைத் தனி ஆளாகப் பார்க்காததில் மட்டும் ஒத்துப்போயின.

கடல் கடந்த பணம்

புதுச்சேரிக் கிராமங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வளைகுடா காலத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டது. பிரெஞ்சு இந்தோசீனாவின் அரசு அலுவலகங்களிலும் காவல்துறையிலும் ராணுவத்திலும் புதுச்சேரித் தமிழர்கள் வேலை பார்த்தார்கள். சைகோன் என்ற ஊர்ப்பெயர் இங்கே வீட்டுப் பேச்சில் புழங்கியது. இந்தோசீனா வங்கி 1877இலேயே புதுச்சேரியில் கிளை வைத்திருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். ஓய்வுபெற்ற சொல்தாவுக்கும், அவர் காலமான பிறகு அவர் மனைவிக்கும் வருகிற பிரெஞ்சு பென்ஷன் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்திருக்கிறது.

இந்த வரலாற்றில் அனுப்பியவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவு, எந்தக் கப்பல், என்ன பதக்கம் என்றெல்லாம் தேடலாம். வாங்கியவர்கள் பெண்கள். அந்தப் பணத்தை வைத்து வயல் வாங்கியது, கடன் அடைத்தது, நாத்தனாருக்குக் கல்யாணம் செய்தது, மாமியாருக்கு வைத்தியம் பார்த்தது எல்லாம் அவர்கள். அவர்கள் பெயருக்கு ஒரு பதிவேடும் இல்லை.

வெளிநாடு என்பதே இங்கே எப்படி உண்டானது என்பதையும் பார்க்க வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தம் புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்களை இந்தியக் குடிமக்கள் ஆக்கியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமை தகப்பன் எழுதிக்கொடுப்பதைப் பொறுத்தது. தகப்பன் இறந்திருந்தால் மட்டுமே தாயின் சொல் செல்லும். 16 வயதைத் தாண்டிய, மணமான ஆண்பிள்ளை தானே தீர்மானிக்கலாம். அதே வயதில் மணமான பெண்ணுக்கு அப்படி ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை.

பெரும்பாலான கிராமத்தார் அந்த ஆறு மாதத்தில் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். இப்படித்தான் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே வீட்டில், இரண்டு நாடுகள் வந்தன. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தங்கை இந்தியர். அண்ணன் பிள்ளைகள் பாரீசுக்குப் போனார்கள், தங்கை பிள்ளைகள் பாகூரில் இருந்தார்கள். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கல்யாணச் சந்தையில் ஒரு சொத்தாகவே மாறியது. இன்று வில்லியனூரில் ஒரு பெண்ணின் செல்பேசிக்கு ‘பணம் அனுப்பியிருக்கிறேன்’ என்று செய்தி வருகிறதென்றால், அதற்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தகப்பன் போட்ட, அல்லது போடாத, ஒரு கையெழுத்து இருக்கலாம்.

கொடைவரி வந்ததும் போனதும்

1956இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர், செல்வவரி, செலவுவரி, கொடைவரி எல்லாம் கொண்டுவரச் சொன்னார். சாவுக்கு முன் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மரணவரி தப்பிவிடுகிறது, அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது காரணம். நிதிப் பொறுப்பையும் கையில் வைத்திருந்த நேரு 1958 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் கொடைவரியை அறிவித்தார். 1958 ஏப்ரல் 1 முதல் கொடைவரிச் சட்டம் வந்தது. அதன்படி வரி கட்ட வேண்டியவர் கொடுத்தவர், வாங்கியவர் அல்ல.

அந்தச் சட்டத்தில் வரிவிலக்குப் பெற்ற கொடைகளில் ஒன்று, தன்னை நம்பி வாழும் உறவினரின் திருமணத்துக்குத் தருவது. அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். நம்பி வாழும் உறவினர் என்றால் நம் ஊர்களில் யார்? தகப்பனில்லாத தங்கை, அண்ணன் மகள், வீட்டோடு இருக்கும் அத்தை மகள். சார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சட்டம் தந்த சலுகை அவளுடைய கல்யாணத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது.

இந்தச் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தது 1963 ஏப்ரல் 1இல். வருமான வரி, செல்வவரி, கொடைவரிச் சட்டங்களை யூனியன் பிரதேசங்களுக்கு விரிக்கும் ஒழுங்குமுறை அன்று நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை எழுதிக்கொடுக்கும் ஆறு மாதம் அந்த பிப்ரவரியில்தான் முடிந்திருந்தது. அதே ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் இங்கே வந்தபோது, ரெனோன்சான் குடும்பங்களுக்கு அவை பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது. கல்யாணத்துக்கும் வாரிசுரிமைக்கும் இரண்டு சட்டங்களை ஏற்றுக்கொண்ட அரசு, வரிக்கு மட்டும் எல்லா வீட்டையும் ஒரே வீடாக எண்ணியது.

கொடைவரி பெரிய வசூல் எதையும் தரவில்லை. 1998 அக்டோபர் 1க்குப் பிறகு தரும் கொடைகளுக்கு அந்த வரி கிடையாது என்று முடிவானது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு யார் யாருக்குக் கொடுத்தாலும் வரி இல்லை. கருப்புப் பணம் வைத்திருந்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் அன்பளிப்பாகத் தந்தார் என்று கணக்கெழுதித் தங்கள் பணத்தையே வெள்ளையாக்கினார்கள்.

2004 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதற்கு வழி சொன்னார். உறவில்லாதவரிடமிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் வரும் பணம் இனி வாங்குகிறவரின் வருமானம். 2004 செப்டம்பர் 1 முதல் அது சட்டமானது. வரம்பு 2006இல் 50,000 ஆனது. 2009 அக்டோபர் முதல் நிலம், நகை போன்றவையும் சேர்ந்தன. 2017இல் பிரிவு எண் மாறியது.

1958க்கும் 2004க்கும் இடையே நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு வரி, கொடுக்கும் கையைப் பிடித்தது. இப்போது வாங்கும் கையைப் பிடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்குகிற ஊர்களில் அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஓட்டை போட்டவர்கள் நகரத்துக் கணக்காளர்களும் அவர்களுடைய முதலாளிகளும். அதை அடைக்கப் போட்ட ஒட்டு, பாகூர் சித்தியின் வீட்டுக் கூரையைத் தொடுகிறது.

பட்டியலைத் தமிழில் படித்தால்

உறவில்லாதவர் என்று சொல்ல வேண்டுமானால் உறவு எது என்று முதலில் சொல்லியாக வேண்டும். சட்டம் சொல்லும் உறவினர்கள் இவர்கள்: கணவன் அல்லது மனைவி, தன் உடன்பிறந்தார், கணவனின் அல்லது மனைவியின் உடன்பிறந்தார், தாய் தந்தையின் உடன்பிறந்தார், தன் நேர்வழியில் மேலும் கீழும் உள்ளவர்கள், அதாவது பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவனின் அல்லது மனைவியின் நேர்வழியில் உள்ளவர்கள், இவர்கள் எல்லோருடைய கணவன் அல்லது மனைவி.

இதை எப்போதும் வாங்குகிறவரின் பக்கம் நின்று படிக்க வேண்டும். சித்தி தன் அக்கா மகனுக்குப் பணம் தந்தால், வாங்குகிறவன் அவன். அவனுக்கு அவள் தாயின் உடன்பிறந்தவள். பட்டியலில் இருக்கிறாள், வரி இல்லை. அவன் சித்திக்குத் தந்தால், வாங்குகிறவள் அவள். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் பட்டியலில் இல்லை. 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிக்கணக்கில் சேரும். தாண்டிய தொகை மட்டுமல்ல, முழுத் தொகையும் சேரும். மேலிருந்து கீழே அன்பு ஓடலாம். கீழிருந்து திரும்பி வந்தால், பெற்றவளுக்கு மட்டும் அது அன்பு, வளர்த்தவளுக்கு வருமானம்.

நம் மொழியில் இது இன்னும் வினோதமாகத் தெரியும். சித்தி என்பதையே பல வீடுகளில் சின்னம்மா என்கிறோம். அவளுக்கு முன்னால் பெரியம்மா. சொல்லிலேயே அம்மா இருக்கிறாள். தமிழில் ஒரு பெண்ணுக்கு அக்கா மகனும் மகன்தான். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன் தம்பிதான். சட்டத்தின் ‘சகோதரர்’ என்ற சொல்லுக்குள் அவர்கள் வர மாட்டார்கள். பாரீசிலிருக்கும் பெரியப்பா மகனை வாய் நிறைய ‘அண்ணா’ என்று அழைக்கும் பெண்ணுக்கு, வரிக்கணக்கில் அவர் அயலார்.

மாறாக, கணவனின் தங்கை புருஷன் பட்டியலில் இருக்கிறார். கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கல்யாணத்தின் வழியாக வந்த உறவு தாராளமாக எண்ணப்பட்டிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல், பிள்ளை பெறாமல், மற்றவர் பிள்ளையை வளர்த்த பெண்ணுக்குத்தான் உறவு குறைகிறது. நேர்வழியில் கீழே அவளுக்கு யாரும் இல்லை, கணவன் வழியிலும் இல்லை. முறைப்படி தத்தெடுத்திருந்தால் அவன் சட்டப்படி அவள் மகன். அக்கா பிள்ளையைத் தத்தெடுக்கப் பத்திரம் எழுத வேண்டும் என்று எந்தச் சித்திக்குத் தோன்றும்?

கொடை எந்த நேரத்தில் வருகிறது என்பதிலும் இதே கதைதான். திருமணத்தின்போது வரும் கொடைக்கு வரி இல்லை, யார் கொடுத்தாலும் இல்லை. 2004 வரவுசெலவு உரையில் அதற்கு ஒரு லட்ச ரூபாய் வரம்பு சொல்லப்பட்டது. சட்டமானபோது அந்த வரம்பு இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லிருந்து இருக்கும் நாட்டில், கல்யாணப் பணத்துக்கு மட்டும் கதவு முழுதாகத் திறந்திருக்கிறது. அதுவும் மணமக்களுக்கு வருவதற்குத்தான். மகள் கல்யாணத்துக்கென்று தாயின் கையில் வேற்றாள் தரும் மொய்க்கு அந்த விலக்கு இல்லை. மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் தனி விலக்கு இல்லை. மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்ததற்கோ, விதவையான தோழி தையல் கடை வைப்பதற்கோ வரும் பணத்துக்கும் இல்லை.

பிரான்சின் பக்கம் போய்ப் பார்த்தாலும் ஓடை கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. அங்கே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான கொடைக்கு 15 ஆண்டுக்கு ஒருமுறை 1,00,000 யூரோ வரை விலக்கு உண்டு. உடன்பிறந்தாரின் பிள்ளைக்குத் தந்தால் 7,967 யூரோ வரை விலக்கு. சித்திக்கோ அத்தைக்கோ தருவதற்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. வறுமையில் உள்ள பெற்றோரைப் பிள்ளைகள் காக்க வேண்டும் என்று சிவில் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. மாமனார் மாமியாரையும் காக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. வளர்த்தவளைப் பற்றி இரண்டு பிரிவுகளும் பேசவில்லை.

கணவன் அனுப்பினால்

பட்டியலில் முதலிடம் கணவனுக்கு. அவன் அனுப்பும் பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் கணவன் மனைவிக்கு 20 லட்சம் கொடையாகத் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை வங்கியில் வைப்புநிதியாகப் போடுகிறாள். 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் வட்டி. ரசீதில் அவள் பெயர், கணக்கில் அவள் கையெழுத்து. ஆனால் வருமான வரிச் சட்டப்படி அந்த வட்டி கணவனின் வருமானம். சொத்து அவளுடையது, அதன் விளைச்சல் அவனுடையது. மகனின் மனைவிக்கு மாமனாரோ மாமியாரோ தந்தாலும் இப்படித்தான். மருமகனுக்குத் தந்தால் இந்த விதி இல்லை.

இதன் வேர் 1937இல் இருக்கிறது. ஆண்கள் மனைவியைப் பெயரளவுக்குத் தொழிலில் கூட்டாளியாக்கி வரியைக் குறைக்கிறார்கள் என்று 1936ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை சொன்னது. மறு ஆண்டே 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில், மனைவியின் பேரில் மாற்றிய சொத்தின் வருமானத்தைக் கணவனின் வருமானத்தோடு சேர்க்கும் விதி வந்தது. பிறகு ‘மனைவி’ என்ற சொல் கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவாக மாற்றப்பட்டது. ‘மகனின் மனைவி’ என்ற சொல் மட்டும் அப்படிப் பொதுவாகவில்லை.

அரசின் பயம் பொய்யானது அல்ல. மனைவியின் பேரில் சொத்து எழுதி வரி தப்பிக்கிற ஆண்கள் உண்டு. ஆனால் அந்த ஏமாற்றுக்கு அரசு கண்ட பரிகாரம், மனைவிக்குத் தந்ததைத் தந்ததாகவே எண்ணாமல் விடுவது. பதினைந்து ஆண்டு தனியாகக் குடும்பம் நடத்தி, கணவன் அனுப்பியதைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்த பெண்ணின் வைப்புநிதியும், வரி தப்பிக்க எழுதிய பத்திரமும் இந்த விதியின் கண்ணில் ஒன்றாகத் தெரிகின்றன.

வங்கி மேசையில்

இதையெல்லாம் பெண்கள் நேரில் சந்திப்பது வங்கியில்தான். வெளிநாட்டுப் பணம் கணக்குக்கு வரும்போது அது எதற்கு என்று ஒரு குறியீடு கேட்பார்கள். பி1301 என்றால் வெளிநாட்டிலுள்ள இந்தியர் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் அனுப்புவது. பி1302 என்றால் தனிப்பட்ட அன்பளிப்பு. இந்தக் குறியீடு அந்நியச் செலாவணிக் கணக்குக்கானது. அது வரியைத் தீர்மானிப்பதில்லை, வரியைத் தீர்மானிப்பது உறவு. அதனால் அனுப்பியவர் யார், என்ன உறவு, எதற்கு அனுப்பினார் என்று அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வைத்திருப்பது நல்லது. உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழோ குடும்ப அட்டையோ உடன் இருந்தால் இன்னும் நல்லது.

பணப் பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக வந்தால் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஓர் ஆண்டில் ஒருவருக்கு 30 தடவை என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. அதில் 50,000 ரூபாய் வரைதான் கையில் ரொக்கமாகத் தருவார்கள். விடுமுறைக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து ரொக்கமாகத் தருவதிலும் கவனம் வேண்டும். 2017 முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்ச்சிக்காக, 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை தண்டம், அதுவும் வாங்கியவருக்கு. பெற்ற மகன் தந்தாலும் இந்த விதி பொருந்தும்.

பயத்தைக் கிளப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. மாதம் 20,000 ரூபாய் அக்கா மகனிடமிருந்து வாங்கும் சித்திக்கு ஆண்டுக்கு 2,40,000 ஆகிறது. வேறு வருமானம் இல்லையென்றால் அவள் ஒரு ரூபாயும் வரி கட்ட வேண்டியதில்லை. 2025-26க்குப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. 4 லட்சத்தைத் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வீடு, நிலம், பெரிய வைத்தியம் என்று மொத்தமாகப் பணம் வரும்போதுதான் கத்தி இறங்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் தனக்கென்று ஒரு கூரை கிடைக்கும் தருணமும் அதுவாகத்தான் இருக்கிறது.

ஒரு வரி போதும்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அது நடைமுறைக்கு வரும் நாள். மொழியை எளிமையாக்கினார்கள், பிரிவுகளைக் குறைத்தார்கள். உறவினர் பட்டியலுக்குள் மட்டும் சித்திக்கு இடம் தேடவில்லை.

கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அந்தப் பட்டியலில் ‘உடன்பிறந்தாரின் பிள்ளைகள்’ என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். சித்தி தரும்போது உறவென்றால், அவள் வாங்கும்போதும் உறவாக வேண்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கருப்புப் பணக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்றால், கொழுந்தன் மனைவி வழியாகப் புகாதவர்களா சித்தி வழியாகப் புகப்போகிறார்கள்?

பெண்ணியம் படிக்கிற நாம் பராமரிப்பு உழைப்புக்குக் கூலி இல்லை என்று பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். பாகூர் சித்தியின் கதையில் அந்த உழைப்புக்குக் கூலி இல்லாதது மட்டும் பிரச்சினை இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து நன்றியாக ஏதோ ஒன்று திரும்பி வரும்போது, சட்டம் அதற்கு ‘பிற வகை வருமானம்’ என்று பெயர் வைக்கிறது. வளர்த்த காலத்தில் அது உழைப்பென்று எண்ணப்படவில்லை. திரும்பி வந்த காலத்தில் அது அன்பென்றும் எண்ணப்படவில்லை.

நிருபதுங்கவர்மன் காலத்தில் வித்யாஸ்தானத்துக்குத் தந்த ஊர்கள் இறையிலி ஆயின. பள்ளிக்கூடம் வளர்க்கும் வேலையைச் செய்ததால் அந்தக் கொடைக்கு வரி வேண்டாம் என்று ஓர் அரசு நினைத்தது. பாகூரின் சித்திகளும் அத்தைகளும் பெரியம்மாக்களும் செய்தது அந்த வேலைதான்.